வோல்கா முடிகிற இடம்: அஸ்திரகான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யா என்றதும் நம் ஆட்களுக்கு மனதில் வருவது பனி, செஞ்சதுக்கம், வெங்காயம் மாதிரி கோபுரம். அதே ரஷ்யாவில் கோடையில் 40 டிகிரி வெயில் அடிக்கும், ஆற்றில் தாமரை பூக்கும், ஒட்டகம் மேயும், சந்தையில் கருவாடு தொங்கும் என்று சொன்னால் ‘எந்த ரஷ்யா?’ என்று கேட்கிறார்கள். வோல்கா ஆறு காஸ்பியன் கடலில் போய்ச் சேரும் அஸ்திரகான் மாகாணத்தைத்தான் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அஸ்திரகான் எங்கே இருக்கிறது?

ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில், தென்கிழக்கு மூலையில். மாஸ்கோவுக்கு வடமேற்கே பிறக்கும் வோல்கா 3,530 கி.மீ. ஓடி வந்து, கடலைத் தொடும் முன் நூற்றுக்கணக்கான கிளைகளாகச் சிதறிவிடுகிறது. ஐரோப்பாவிலேயே பெரிய கழிமுகம் இதுதான். அதன் தலைமாட்டில் இருக்கிறது அஸ்திரகான் நகரம். மாகாணத்துக்கும் அதே பெயர். வரைபடத்தில் பார்த்தால் ஆற்றை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு நாடா மாதிரி இருக்கும். நாடாவுக்குள் பச்சை, வெளியே இரண்டு பக்கமும் புல் காய்ந்த பாலைநிலம்.

இன்னொரு வேடிக்கை: காஸ்பியன் கடலின் நீர்மட்டம் உலகப் பெருங்கடல்களின் மட்டத்தைவிட 28, 29 மீட்டர் தாழ்வு. அதனால் அஸ்திரகான் நகரமும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறது. நேரம் மாஸ்கோவைவிட ஒரு மணி முன்னே, நம்மைவிட ஒன்றரை மணி பின்னே.

மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் எல்லாம் இருக்க, அங்கே போய் என்ன பார்ப்பது?

நேராகச் சொல்கிறேன். முதல் தடவை ரஷ்யா போகிறவருக்கு இது ஏற்ற இடம் இல்லை. மலை கிடையாது (ஒன்றே ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்), அரண்மனை கிடையாது, நிலம் முழுக்க தட்டை. ஆனால் ஆற்றங்கரை நாகரிகம் எப்படி உருவாகிறது, எப்படிக் கரைகிறது என்பதில் ஆசை இருந்தால் இதைப் போல வேறு இடம் அங்கே இல்லை. இந்தக் கழிமுகத்தில் தண்ணீர்தான் முதலாளி. ஆயிரம் வருஷம் முன்னால் இங்கே ஆண்ட கசார்கள் என்ற துருக்கிய இனத்தாரின் தலைநகர், ‘இத்தில்’ என்ற நகரம், இந்தப் பக்கம் எங்கோதான் இருந்தது, எந்த இடம் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் மங்கோலியரின் சராய், அதற்கப்புறம் தாத்தார்களின் (துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் மக்கள்) ஹாஜி தர்கான், கடைசியில் ரஷ்யரின் அஸ்திரகான். பட்டணம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, வணிகம் மட்டும் அதே ஆற்றில்.

எப்போது போக வேண்டும்?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காட்டுத் துலிப் மலர்களுக்கு ஏப்ரல் கடைசி. தாமரைக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய. தர்ப்பூசணிக்கு ஆகஸ்ட். மீன் பிடிக்கவும் பறவை பார்க்கவும் செப்டம்பர், அக்டோபர். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும் போகாதீர்கள், காரணம் கீழே ‘மோஷ்கா’ கேள்வியில் இருக்கிறது.

ரஷ்யாவில் தாமரை என்பது உண்மையா, சுற்றுலாக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

உண்மை. குளத்தில் நட்டு வளர்த்த நாலு பூ இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் இளஞ்சிவப்பாக விரிந்து கிடக்கும் காடு. நம் ஊர்க் கோயில் குளத்துத் தாமரையின் அதே இனம்தான், காஸ்பியன் தாமரை என்று தனிப்பெயர் வைத்துப் பேசுவோரும் உண்டு. உள்ளூரில் பழைய பெயர் ‘சுல்பான் ரோஜா’.

குளிர்காலத்தில் ஆறு உறைகிற ஊரில் தாமரை எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. இலையும் தண்டும் செத்துப்போகும், கிழங்கு பனிக்கட்டிக்கு அடியில் சேற்றுக்குள் பத்திரமாகக் கிடக்கும், அவ்வளவுதான். கோடை வந்தால் இங்கே அடிக்கிற வெயில் அதற்குத் தாராளமாகப் போதும்.

எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதை. பக்கத்து கல்மீக்கியர்கள் பௌத்தர்கள், அவர்களில் யாத்திரை போனவர்கள் விதை கொண்டுவந்து போட்டார்கள் என்பது ஒன்று. பறவைகள் கொண்டுவந்தன என்பது இன்னொன்று. பழைய வெப்பக் காலத்திலிருந்தே இங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது என்பது மூன்றாவது. எனக்கு முதல் கதைதான் பிடிக்கும், ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது.

அதைவிடச் சுவாரசியமானது இது எப்படிப் பரவியது என்பது. 1919இல் இங்கே இயற்கைக் காப்பகம் தொடங்கியபோது அதற்குள் இருந்த தாமரை ஒரு ஏக்கர்கூடத் தேறாது. இன்று கழிமுகத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். காப்பாற்றியது ஒரு காரணம். மற்றொன்று கடலே பின்வாங்கியது. 1930களில் காஸ்பியன் வேகமாக வற்றியபோது ஆற்றின் வாய்ப்பக்கம் ஆழமில்லாத, வெதுவெதுப்பான நன்னீர்ப் பரப்பு பெரிதாகத் திறந்துகொண்டது. தாமரைக்கு வேறென்ன வேண்டும்?

தாமரையைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டுமாமே?

கவனமாகப் படியுங்கள், நிறைய பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். காஸ்பியன் கரையை ஒட்டிய கீழ்க் கழிமுகம் எல்லைக் காவல் மண்டலம். வெளிநாட்டவர் அதற்குள் போக எல்லைக் காவல் துறையின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், அது கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலேகூட ஆகலாம். காப்பகத்துக்குள் நுழைய வேறு அனுமதி. ரஷ்யர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு எளிதாகப் போவதைப் பார்த்து நாமும் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. மண்டலத்துக்கு வெளியே உள்ள ஓடைகளிலும் தாமரை உண்டு, ஆனால் அந்தப் பெரிய காடு கிடைக்காது. படகு பேசும்போதே ‘நான் வெளிநாட்டவன்’ என்று சொல்லிவிட்டு, எந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் போங்கள். பூ தலையில் வெயில் ஏறுவதற்குள் அழகாக இருக்கும். பறிக்காதீர்கள், பறித்த பூ கரை சேருவதற்குள் வாடிவிடும், போதாததற்கு அபராதமும் உண்டு.

நகரத்தில் என்ன இருக்கிறது?

முதலில் கிரெம்லின். கிரெம்லின் என்றால் மாஸ்கோவில் இருப்பது மட்டும் இல்லை, கோட்டைக்குப் பொதுப்பெயர் அது. 1556இல் நான்காம் இவான் (பயங்கர இவான் என்று நாம் பள்ளியில் படித்தவர்) ஹாஜி தர்கானைப் பிடித்தார். பழைய ஊர் ஆற்றின் வலக்கரையில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1558இல், இடக்கரையில் ‘முயல் மேடு’ என்று பெயர்கொண்ட உயரமான திட்டில் புது ஊர் எழும்பியது. முதலில் மரக்கோட்டை, 1580களில் செங்கல் கோட்டை.

அந்தச் செங்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாழாய்க் கிடந்த மங்கோலியத் தலைநகர் சராயை உடைத்து ஆற்றுவழியாகப் படகில் கொண்டுவந்தார்கள். இருநூறு முந்நூறு வருஷம் ரஷ்ய இளவரசர்கள் கப்பம் கட்ட வரிசையில் நின்ற அதே ஊரின் செங்கல். பழி தீர்த்தார்கள் என்று கதை எழுதலாம், ஆனால் கல் கிடைக்காத வண்டல் நிலத்தில் சுட்ட செங்கல் சும்மா கிடந்தால் யார்தான் விடுவார்கள்.

உள்ளே 1699 முதல் 1710 வரை கட்டிய உஸ்பென்ஸ்கி பேராலயம் நிற்கிறது. கட்டிய மேஸ்திரி தோரஃபேய் மியாகிஷெவ், ஒரு பண்ணையடிமை. வாசலில் இருக்கும் மணிக்கூண்டு 80 மீட்டர் உயரம், 1910இல் கட்டியது, லேசாகச் சாய்ந்து நிற்கும். படத்தில் உங்கள் கேமரா கோணலாக இல்லை, கூண்டே அப்படித்தான். 1670இல் கொசாக் கலகத்தலைவன் ஸ்தெபான் ராசின் இந்தக் கோட்டையைப் பிடித்து, ஆளுநர் புரோசரோவ்ஸ்கியைக் கோபுரத்து மேலிருந்து தள்ளிக் கொன்றான். சுவர் ஏறிப் போரிட்டுப் பிடித்தான் என்றும் சொல்ல முடியாது, உள்ளே இருந்த படைவீரர்களிலேயே பலர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

கோட்டைக்கு வெளியே மறக்காமல் பார்க்க வேண்டியது வர்வாத்ஸி கால்வாய். இதன் பின்னால் இருக்கும் ஆள் ஒரு கிரேக்கக் கப்பல்காரர், பெயர் வர்வாகிஸ். துருக்கியரோடு நடந்த செஸ்மே கடற்போரில் ரஷ்யர் பக்கம் நின்று தன் கப்பலையே கொளுத்தி எதிரிக் கப்பல்கள்மேல் விட்டவர். கைக்காசில்லாமல் நின்றவருக்கு இரண்டாம் கேத்தரீன் காஸ்பியனில் மீன்பிடிக்கும் உரிமை கொடுத்தார். அவர் மீன் முட்டையை, அதாவது கேவியரை, கெடாமல் லிண்டன் மரப் பீப்பாயில் அடைத்து அனுப்பிக் கோடீஸ்வரர் ஆனார் என்பது ஊர்க்கதை. சம்பாதித்ததில் ஒரு பகுதி இந்தக் கால்வாய்க்கும் போனது. இன்னொரு பகுதி கிரேக்கத்துக்குப் போனது, ஏதென்ஸின் பெரிய சந்தைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஓவியர் குஸ்தோதியெவ் பிறந்த ஊரும் இது, அவர் பெயரில் கலைக்கூடம் உண்டு. லெனினின் அப்பா பிறந்ததும் இங்கேதான். நேரம் இருந்தால் பழைய தாத்தார் தெருக்களில் சும்மா நடங்கள். பள்ளிவாசல், ஆர்த்தடாக்ஸ் கோயில், கத்தோலிக்கக் கோயில், மரச்சித்திரம் செதுக்கிய ஜன்னல்கள் எல்லாம் நடை தூரத்தில். பாதி வீடுகள் சரிந்து கிடக்கும். சரிசெய்து சாயம் பூசின பாதியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இந்தியர்கள் அங்கே குடியிருந்தார்களாமே? தமிழர்களா?

இருந்தார்கள். தமிழர்கள் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம், ஆனால் ‘சோழர் வணிகர் வோல்காவில்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. வந்தவர்கள் முல்தான், பஞ்சாப், சிந்து, மார்வாடிப் பக்கத்து ஆட்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரசீகம் வழியாக காஸ்பியனைக் கடந்து வந்துவிட்டார்கள். 1625இல் அவர்களுக்கென்று ‘இந்திய வணிக முற்றம்’ உருவானது. கடை, கிடங்கு, குடியிருப்பு, வழிபடும் இடம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். ஆர்மீனியருக்கும் பாரசீகருக்கும் இதே மாதிரி தனித்தனி முற்றங்கள் இருந்தன.

விற்றது பட்டு, பருத்தித் துணி, மணிக்கற்கள். அதோடு வட்டிக்குக் கொடுப்பது, அதில்தான் நல்ல லாபம் போல. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இல்லை, ஆனால் ஊரின் பணப்புழக்கத்தில் அவர்கள் கை பெரிது. 1793இல் இங்கே வந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் பல்லாஸ் அவர்களுடைய மாலைப் பூஜையை உட்கார்ந்து பார்த்து விரிவாக எழுதிவைத்திருக்கிறார்: சிலைகள், மணி, விளக்கு, பிரசாதம். வோல்காக் கரையில் விஷ்ணு பூஜை! பெண்களை ஊரிலிருந்து கூட்டிவரவில்லை, பலர் தாத்தார் பெண்களை மணந்தார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகளை அக்ரிழான் தாத்தார் என்று அழைத்தார்கள்.

பதிலுக்கு ரஷ்யர்கள் இந்தியா வர முயன்றதும் உண்டு. அஸ்திரகான் வழியாகப் போன செம்யோன் மாலெங்கி என்ற வணிகர் 1690களில் ஔரங்கசீப்பின் அரசவை வரை வந்துவிட்டார், ஆனால் திரும்பும் வழியில் இறந்துபோனார். அதற்கும் இருநூறு வருஷம் முன்னால் ரஷ்யாவின் த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகிதின் இதே கழிமுகத்தில் தாத்தார்களிடம் சரக்கையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, கடனோடு ஊர் திரும்ப முகமில்லாமல் தெற்கே போய்ப்போய் கடைசியில் இன்றைய கர்நாடகத்தின் பீதர் வரை வந்தவர். கொள்ளை நடக்காமல் இருந்திருந்தால் அவர் தக்காணத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

18ஆம் நூற்றாண்டு முடியும்போது பாரசீகக் குழப்பத்தில் வழி அடைபட, இந்திய முற்றமும் மெல்லக் காலியானது. இன்று போனால் பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு பழைய கட்டடம், அவ்வளவே. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

மதுரைக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்று யாரோ சொன்னார்களே?

ஒரே ஒரு மனிதர் மூலமாக உண்டு: இப்னு பதூதா. 1330களில் இந்த மொராக்கோ பயணி ஹாஜி தர்கானுக்கு வந்தார். பனிக்காலத்தில் வோல்கா உறைந்து கிடந்தது, அதன் மேலேயே மூன்று நாள் பயணம் செய்து சராய் போய்ச் சேர்ந்தார். ஊரின் ஒரு கோடியிலிருந்து காலையில் கிளம்பினால் மறுகோடிக்கு மதியம் தாண்டித்தான் போக முடிந்தது என்று எழுதியிருக்கிறார். அதே ஆள் பத்து வருஷம் கழித்து மதுரை சுல்தானின் உறவினராக, அதாவது சுல்தான் மனைவியின் சகோதரியை மணந்தவராக, நம் ஊர் வெயிலில் நின்றார். உறைந்த வோல்காவையும் வைகை நாட்டையும் ஒரே வாழ்நாளில் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அந்தச் சராய் இப்போது இருக்கிறதா?

அஸ்திரகானுக்கு வடக்கே இரண்டு மணிநேரப் பயணத்தில் செலித்ரென்னோயே என்ற கிராமம். பெயருக்கு வெடியுப்பு ஊர் என்று பொருள் கொள்ளலாம், பின்னாளில் இங்கே வெடியுப்புக் காய்ச்சினார்கள். செங்கிஸ்கானின் பேரன் பாது கான் 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய சராய் இங்கே மண்ணுக்குள் இருக்கிறது. குழாயில் குடிநீர், சாயம் பூசிய ஓடுகள், பல மதத்தாரின் தெருக்கள் என்று செழித்த நகரம். 1395இல் தைமூர் வந்து அடித்து நொறுக்கினான். மிச்சத்தை மேலே சொன்ன செங்கல் படகுகள் பார்த்துக்கொண்டன.

தோண்டிய இடத்தில் குழியும் மண்மேடும்தான் இருக்கும். பக்கத்தில் மங்கோலியர் காலக் கதை ஒன்றைப் படமெடுக்க மண்ணும் மரமுமாகப் போட்ட செட் அப்படியே நிற்கிறது, எல்லோரும் படமெடுத்துக்கொள்வது அதன்முன்தான். செட் என்று தெரிந்தே பாருங்கள். உண்மையான பொருள்களுக்கு நகரத்து அருங்காட்சியகம்.

பௌத்தக் கோயில் ஒன்று உண்டாமே?

ரெச்னோயே கிராமத்தில், வோல்காவின் கரையிலேயே. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட கல்மீக்கிய இளவரசர் செரெப்ஜாப் தியூமென் வெற்றி நினைவாக 1814 முதல் 1818க்குள் கட்டியது. வடிவத்துக்குப் பீட்டர்ஸ்பர்க்கின் கசான் பேராலயத்தை முன்மாதிரியாக எடுத்தார்கள், அதாவது கிறித்தவப் பேராலயத்தின் வளைந்த தூண் வரிசையோடு ஒரு பௌத்தக் கோயில். சோவியத் காலத்தில் சிதைந்து, தூண் வரிசை போய், நடுக்கோபுரம் மட்டும் தப்பியது. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் நிற்காது, தனி வண்டி பிடித்துப் போக வேண்டும்.

பாஸ்குன்சாக் உப்பேரியில் மிதக்க முடியுமா?

முடியும், மூழ்குவதுதான் கஷ்டம். அஸ்திரகானைவிட வோல்கோகிராடுக்குப் பக்கம் இது, மாகாணத்தின் வடகோடி. பரப்பு நூறு சதுர கி.மீ.க்குச் சற்று மேல், லிட்டருக்கு 300 கிராம் உப்பு. கோடையில் தண்ணீர் கணுக்கால் அளவு, சுற்றிலும் வெள்ளை. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்த நமக்கு இதிலென்ன என்று தோன்றும். ஆனால் அது மனிதன் பாத்தி கட்டிக் காய்ச்சுவது, இது தானாக விளைந்து கிலோமீட்டர் கணக்கில் கீழே போகும் உப்புப் பாறை. ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டு, ரயில் மாதிரி ஒரு இயந்திரத்தை ஓட்டி உப்பை வெட்டுகிறார்கள். ரஷ்யச் சமையலறை உப்பில் பெரும் பங்கு இங்கிருந்துதான்.

செருப்பில்லாமல் இறங்காதீர்கள், உப்புப்படிகம் கண்ணாடிச் சில் மாதிரி அறுக்கும். உடம்பில் சிராய்ப்பு இருந்தால் இறங்கவே வேண்டாம். கண்ணில் பட்டால் அழுதுகொண்டுதான் வெளியே வருவீர்கள். பிறகு கழுவ நல்ல தண்ணீர் நாலு பாட்டில் கூடவே கொண்டுபோங்கள்.

முன்பு ஒட்டகம்தான் இங்கே உப்பு இழுத்தது. ஒட்டகம் என்றதும் ஒரு துணுக்கு: இரண்டாம் உலகப்போரில் அஸ்திரகானில் திரட்டிய படைக்கு லாரியும் குதிரையும் போதாமல் ஒட்டகங்களைப் பீரங்கி இழுக்கக் கட்டினார்கள். அவற்றில் மிஷ்கா, மாஷ்கா என்ற இரண்டு பெர்லின் வரை போய்ச் சேர்ந்தன. பக்கத்து ஊரான அக்தூபின்ஸ்க்கில் அவற்றுக்குச் சிலை உண்டு.

ஏரிக்கரையில் நிற்பதுதான் நான் சொன்ன அந்த ஒரே மலை, பெரிய போக்தோ. உயரம் 150 மீட்டர்தான், நம் பரங்கிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் இமயமலை மாதிரி கம்பீரம். அடியில் இருக்கும் உப்பு மேல்நோக்கி உந்துவதால் மலை வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போல இன்னும் வளர்கிறது. காற்றில் அரித்து ஓட்டையான பாறைகள் உண்டு, காற்றடித்தால் முனகும், ‘பாடும் பாறைகள்’ என்று பெயர். கீச்சிடும் சின்னப் பல்லி ஒன்று ரஷ்யாவிலேயே இங்கே மட்டும்தான் இருக்கிறது. கல்மீக்கியருக்கு இது புனித மலை. 1997 முதல் காப்பகம், அதனால் போட்ட பாதையில் மட்டும்தான் நடக்க விடுவார்கள்.

ஆரியபட்டா ஏவிய இடம் இங்கேதானா? பார்க்க முடியுமா?

இங்கேதான். 1975 ஏப்ரல் 19 அன்று இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா மாகாணத்தின் வடக்கே இருக்கும் கபூஸ்தின் யார் தளத்திலிருந்து சோவியத் ராக்கெட்டில் கிளம்பியது. பிறகு பாஸ்கரா 1, பாஸ்கரா 2 இரண்டும் இங்கிருந்தே. 1947இல் ஜெர்மானியரிடம் கைப்பற்றிய ராக்கெட்டை முதன்முதலில் சோவியத்துகள் ஏவிப்பார்த்ததும் இதே இடம். பார்க்க முடியாது. ராணுவத் தளம், அதை ஒட்டிய ஸ்னாமென்ஸ்க் மூடிய நகரம். அந்தப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதும் வேண்டாத வேலை.

பறவைகள்?

கழிமுகக் காப்பகத்தில் 280 வகைபோல வந்துபோகின்றன. கூழைக்கடா, பெரிய வெள்ளைக் கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் வேடந்தாங்கல் போனவருக்குத் தெரிந்த முகங்கள்தான். புதிது வெண்வால் கழுகு. அப்புறம் ரெமெஸ் என்று ஒரு சின்னக்குருவி, நாணல் பஞ்சில் கையுறை மாதிரி கூடு கட்டித் தொங்கவிடும், நம் தூக்கணாங்குருவிக்குப் போட்டி.

காப்பகம் வந்ததற்கே பறவைதான் காரணம். நூறு வருஷம் முன்னால் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டுமென்று இங்கே கொக்குகளைச் சுட்டுத் தள்ளி, ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். 1919 ஜனவரியில், உள்நாட்டுப் போரின் நடுவில், பத்யாபோல்ஸ்கி என்ற உள்ளூர் வேளாண் அறிஞர் மாஸ்கோ போய் லெனினைச் சந்தித்து ஒப்புதல் வாங்கிவந்தார். ரொட்டிக்கே வழியில்லாத நேரத்தில் கொக்குக்காகப் போய் நின்ற அந்த மனிதரை நினைத்தால் இன்றும் ஆச்சரியம்தான். காப்பகத்தை உருவாக்கியதில் இன்னொருவர் பறவையியலாளர் விளதீமிர் ஹ்லெப்னிகோவ், கவிஞர் ஹ்லெப்னிகோவின் அப்பா.

கேவியர் வாங்கலாமா? மீன் எப்படி?

கறுப்புக் கேவியர் ஸ்டர்ஜன் மீன்களின் முட்டை. பெலூகா என்ற பெரிய ஸ்டர்ஜன் ஒரு டன் எடைக்கும் மேலே வளரும். நகர அருங்காட்சியகத்தில் 1989இல் பிடிபட்ட 966 கிலோ பெலூகா பாடம் செய்து வைத்திருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப்போனால் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

இவை கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் மேலேறிப் போகிறவை. 1950களின் கடைசியில் வோல்கோகிராடில் அணை வந்ததும் முட்டையிடும் இடத்துக்கான வழி அடைபட்டது. அணை பாதி கெடுத்தது, சோவியத் உடைந்தபின் கள்ளப்பிடி மீதியைக் கெடுத்தது. இப்போது காட்டு ஸ்டர்ஜனை வணிகத்துக்குப் பிடிக்கத் தடை. கடையில் சட்டப்படி கிடைப்பது பண்ணையில் வளர்த்த மீனின் கேவியர், முத்திரை ஒட்டிய டப்பாவில். சந்தையில் யாராவது காதருகே வந்து ‘காட்டுக் கேவியர், மலிவு’ என்றால் தாண்டிப் போய்விடுங்கள். வாங்கினால் நீங்களும் குற்றவாளி.

உண்மையில் ஊர்க்காரர்கள் உயிரை விடுவது வேறொன்றுக்கு: வோப்லா. கையகல மீனை உப்பில் ஊறவைத்து, நூலில் கோத்துக் காற்றில் உலர்த்தினது. சுருக்கமாக, கருவாடு. ஆனால் சமைப்பதில்லை. அப்படியே மேஜை விளிம்பில் தட்டி இளக்கி, தோலை உரித்து, பீருக்குத் தொட்டுக்கொள்வார்கள். நம் ஆட்கள் இதைப் பார்த்ததும் குழம்பு வைக்க ஏங்குவார்கள், உப்பு அதிகம், ரெண்டு தடவை ஊறவைத்தால் நன்றாகவே வரும்.

மீன் சூப்புக்குப் பெயர் உஹா. அஸ்திரகானில் தக்காளி போட்டு வைப்பார்கள், மற்ற ஊர் ரஷ்யர்களுக்கு அது பாவம். எனக்கு இதுதான் ருசி.

சைவம் கிடைக்குமா?

ஆகஸ்டில் தர்ப்பூசணி, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் ரஷ்யாவிலேயே சிறந்தது இங்கேதான். மற்ற மாதங்களில் ரொட்டி, உருளை, பாலாடைக்கட்டி. ஊறுகாய் எடுத்துப்போங்கள்.

மோஷ்கா என்றால் என்ன?

கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிக்கும் பூச்சி. வசந்த வெள்ளம் வரும் மே, ஜூனில் மேகம் மாதிரி கிளம்பும். கொசு மாதிரி ஊசி போடாது, தோலைக் கிழிக்கும். கண், காது, மூக்கு எல்லாவற்றிலும் நுழையும், கடித்த இடம் வீங்கும். அந்த மாதத்தில் அஸ்திரகான்காரர்கள் தலையில் வலை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார்கள். வீட்டு வைத்தியம் வெனிலாப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக்கொள்வது. ஊரே பாயசம் மணக்கும். கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யும், அவ்வளவுதான். கொசு தனி, அது கோடை முழுக்க.

காஸ்பியன் கடலில் குளிக்கலாமா? கடற்கரை எப்படி?

கடற்கரையே கிடையாது! இந்தப் பதில் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஆறு கடலில் கலக்கும் கோடு என்று ஒன்று இல்லை, நாணல் காடு மெல்ல மெல்லத் தண்ணீராகிறது, அதற்கப்புறமும் பல கிலோமீட்டர் இடுப்பளவு நீர்தான். மெரினா மாதிரி மணலும் அலையும் வேண்டுமென்றால் தெற்கே காஸ்பியன் கரையில் இருக்கும் தாகெஸ்தான் பக்கம் போக வேண்டும். கடல் மட்டமும் நிலையாக நிற்பதில்லை. 1977க்குப் பிறகு இரண்டரை மீட்டர் அளவுக்கு ஏறி ஊர்களை மிரட்டியது, 1995க்குப் பிறகு திரும்ப இறங்கிக்கொண்டே போகிறது. கப்பல் வர ஆற்று வாயைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

எப்படிப் போவது? பாதுகாப்பு?

மாஸ்கோவிலிருந்து விமானம் இரண்டரை மணி, ரயில் ஒரு நாளுக்கு மேல். ரயில்தான் நல்லது, காடு புல்வெளியாகி, புல்வெளி பாலையாவதை ஜன்னலோரமாகவே பார்க்கலாம். கோடையில் வோல்காவில் வரும் சுற்றுலாக் கப்பல்களில் சிலவற்றுக்கு இதுதான் கடைசி நிறுத்தம். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. வெளிநாட்டு வங்கிகளின் கார்டுகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்வதில்லை, ரொக்கமாக எடுத்துப்போங்கள்.

பாதுகாப்பு பற்றி மழுப்ப விரும்பவில்லை. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்தப் பகுதியிலும் ஆளில்லா விமானத் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. விமான நிலையம் திடீரென மூடும், கைப்பேசி இணையம் அறுந்துபோகும். நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். இப்போது போகாமல் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

மூன்று நாள்தான் இருக்கிறது. எதை விடலாம்?

உப்பேரியை விடுங்கள், போக வர ஒரு முழுநாள் தின்றுவிடும், அதற்கு வோல்கோகிராடிலிருந்து தனியாக வரலாம். சராய் செட்டையும் விடலாம். ஒரு நாள் கோட்டையும் பழைய தெருக்களும் அருங்காட்சியகமும். ஒரு நாள் படகு, விடிவதற்கு முன்னால் கிளம்பி. மூன்றாம் நாள் காலையில் மீன் சந்தைக்குப் போய் வோப்லா ஒரு கோர்வை வாங்குங்கள், ஆனால் மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊர் வந்து சேரும்போது பெட்டியில் இருக்கும் சட்டை எல்லாம் அதே வாசனைதான்.